மரம் இழுத்த நாளில் நான் போட்ட சத்தம்

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

மேலே ரோட்டோரத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கிறது. கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு சில்வர் ஓக் மரம், கிளை கழித்து, சங்கிலி மாட்டிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே கம்பி ரோப்பு. இழுக்கலாமா, நிறுத்தலாமா என்று கை காட்ட வேண்டியவள் நான். என் கையைப் பார்த்துத்தான் அவர் மரத்தை இழுக்க வேண்டும். அதற்காகவே என்னை ஒரு பாறை மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். நானோ பாறையோரத்து மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தக் குளிரிலும் வேர்த்து நின்றேன்.

"ஏம்மா, எங்கம்மா போயிட்ட?" என்று கீழேயிருந்து கேட்டாள் என் மகள் செல்வி.

"இங்கனதான் இருக்கேன்" என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

ஆட்டுக்குட்டியிடம் பேசியது

இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகையறாவில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு மாமியாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து டிவி சீரியல் பார்க்கிறார்கள். வில்லி வந்தால் இரண்டு பேரும் ஒரே குரலில் திட்டுகிறார்கள். அது அவர்கள் பாடு. எங்களுக்கு வழக்கமும் இல்லை, எனக்குக் கூச்சமும் ஜாஸ்தி. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

செல்விக்குக் கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம். மாப்பிள்ளை பாண்டி வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "செல்வி, அவுக காப்பி குடிப்பாகளான்னு கேளு" என்பேன்.

"அவருக்குக் காது இருக்கும்மா" என்பாள் அவள்.

"குடிப்பேன்னு சொல்லு" என்பார் அவர்.

செல்வி இல்லாத நேரத்தில்தான் கஷ்டம். அப்போது கண்ணில் படுகிற சாமானைப் பார்த்துப் பேசுவேன். "சோறு ஆறிப்போகுது" என்று அம்மிக்கல்லிடம் சொல்வேன். அவர் வந்து உட்காருவார். ஒரு நாள் சாமான் எதுவும் கண்ணில் படாமல், வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "கை கழுவத் தண்ணி தொட்டியில இருக்கு" என்றேன். அவர் எழுந்து போனார். ஆட்டுக்குட்டியும் கூடவே போனது.

வீட்டுக்காரர் பேரும் அப்படித்தான். வாயால் சொன்னதே இல்லை. இந்தத் தொடரிலும் இத்தனை வாரமாக 'எங்க வீட்டுக்காரர்' என்றே எழுதி வருகிறேன், கவனித்திருப்பீர்கள். எழுதினாலும் சொன்ன மாதிரிதானே. பாண்டி பேரை எழுதுவதற்கு அவரிடமே செல்வி மூலமாக அனுமதி வாங்கிக்கொண்டேன்.

காற்று சாய்த்த மரங்கள்

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி முடிகிற நேரம், ஒரு காற்று அடித்தது. பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்கள் தோட்டம் ஒரே சரிவு. கூரை மேல் நடக்கிற மாதிரித்தான் அதில் நடக்க வேண்டும். விடிந்து பார்த்தால் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் பதினாலு சாய்ந்து கிடந்தன. சுற்றிப் படர்ந்திருந்த மிளகுக் கொடி, அடியில் இருந்த காப்பிச் செடி எல்லாம் அதோடு நசுங்கிவிட்டன.

மரம் எடுக்க அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, எழுதி வாங்க வேண்டியதை வாங்கி, காப்பிப் பழம் பறித்து முடிப்பதற்குள் தை பிறந்துவிட்டது. மாசியில் ஒரு மழை விழுந்தால் செடி பூ விட்டுவிடும். பூத்த செடிக்குள் மரத்தை இழுக்க முடியாது. அதற்குள் பதினாலு மரத்தையும் ரோட்டுக்கு ஏற்றியாக வேண்டும்.

பழைய காலம் என்றால் பத்து ஆள், தேங்காய் நார் வடம், ஆளுக்கொரு கடப்பாரை. எங்கள் ஊர்ப்பக்கம் காப்பி மூட்டையைக் குதிரை சுமக்கும். மரத்தை மனுஷன்தான் சுமக்க வேண்டும். அப்படி ஒரு வேலையில்தான் எங்க வீட்டுக்காரர் கால் போனது. கல்யாணமான புதிதில், வேறொருவர் தோட்டத்தில், வடம் அறுந்து மரம் உருண்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. கால் ஒட்டிக்கொண்டது, ஆனால் கோணலாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கதையை அவர் ஐந்து விதமாகச் சொல்வார். ஒன்றில் மரம் தேக்கு. ஒன்றில் கூட இருந்த இரண்டு பேரை அவர் காப்பாற்றுவார். ஆளைப் பொறுத்துக் கதை.

பாண்டிக்கு அடிவாரத்தில், அய்யம்பாளையத்தில் வீடு. டிராக்டர் வைத்து உழவு ஓட்டுகிறார். அவர் எங்கேயோ ஒரு பட்டறையில் பழைய வின்ச் ஒன்றை வாங்கி டிராக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்தார். பெரிய இரும்பு ராட்டினத்தில் கம்பி ரோப்பு சுற்றியிருக்கும். அடியில் அகலமான இரும்புப் பலகை. அதை மண்ணில் இறக்கி ஊன்றினால் டிராக்டர் நகராது. ஓட்டுகிறவர் பக்கவாட்டில் தள்ளி நின்று ஒரு சின்னக் கயிற்றை இழுத்தால் ரோப்பு சுற்றும். கயிற்றை விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

செல்வி ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பாவுக்கு இருக்கிறது ஒன்னரைக் காலு. அந்த அரையும் ஒன்னும் அப்படியே வீடு திரும்பணும். எல்லாரையும் பாக்குற எடத்துல ஒரு ஆள் நின்னு சைகை காட்டணும். ஆள் இல்லாட்டி வின்ச்ச மலைக்கு ஏத்தாதீக."

டம்ளர் பறந்த கதை

சைகைக்கு முதலில் முன்வந்தவர் எங்க வீட்டுக்காரர்தான். வாசலிலேயே ஒத்திகை நடந்தது.

"இழு மாப்ள, இழு... அந்தா... நில்லு. நிக்காத, நான் சும்மா சொன்னேன். ஒருக்கா இப்பிடித்தான் கவுஞ்சிக்காரரு தோட்டத்துல..."

"மாமா, நிப்பாட்டச் சொல்றீகளா, கதை சொல்றீகளா?"

"ரெண்டுந்தான்."

பாண்டி பொறுமைக்காரர். எங்க வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாசலில் ஆடு கட்டுகிற குட்டைத் தூணைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையை மாமனார் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். "மாமா, இந்தத் தூணு நம்ம கப்பி. ரோப்பு நேரா வராத எடத்துல கப்பியச் சுத்தித்தான் திரும்பும். இப்ப ரோப்பு மடங்கியிருக்குல்ல, அந்த மடிப்புக்குள்ள இந்த டம்ளர வைக்கிறேன். இறுக்கிப் பிடிங்க."

இறுக்கிப் பிடித்தார். பாண்டி துண்டைத் தூணைவிட்டு மேலே தூக்கினார். துண்டு சட்டென்று நேரானது. டம்ளர் வாசல் தாண்டி விழுந்தது.

"கப்பி அறுந்தா இதான். மடிப்புக்குள்ள நின்ன டம்ளரு நீங்க."

"அதுல காப்பி இருந்துச்சே மாப்ள" என்றார் எங்க வீட்டுக்காரர்.

அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது, சைகைக்குப் பேசாத ஆள்தான் வேண்டும் என்று. பாண்டி செல்வியைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேசுற ஆள் இருந்தாப் போதும். அதுவும் கையால பேசுனாப் போதும்."

எல்லாரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். நான் கதவைப் பாதி சாத்தினேன். கூச்சப்படுகிறவளுக்கு ஊரில் ஒரு வேலை காலி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சேலையைத் தாண்டாதவர்கள்

சைகை எளிதுதான். வலது கை உயர்ந்தால் இழு. சிவப்புத் துண்டை ஆட்டினால் நிறுத்து. நான் கண்ணுக்குத் தெரியவில்லையென்றாலும் நிறுத்து. இந்த மூன்றாவதுதான் முக்கியம் என்று பாண்டி இரண்டு தடவை சொன்னார்.

முதல் நாள் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் சைகைக்காக என் பக்கம் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் என் கால் தானாக மரத்துக்குப் பின்னால் போனது. அவர் கயிற்றை விடுவார். மரம் நிற்கும். நான் வெளியே வருவேன். அவர் பார்ப்பார். நான் போய்விடுவேன். இப்படியே அரை மணி நேரம். மரம் நாலு முழம் நகர்ந்திருக்கும்.

செல்வி மேலே ஏறி வந்தாள். "அம்மா, அவரு ஒன்னப் பாக்கல. டிராக்டர்தான் பாக்குது. டிராக்டருகிட்ட என்ன வெக்கம்?"

அது எனக்கு ஒத்து வந்தது. டிராக்டரைப் பார்த்துக் கை காட்டினேன். அதற்கு முகத்தில் இரண்டு விளக்கு, அவ்வளவுதான். ஆனாலும் பழக்கம் விடுமா? அவர் முகம் நேராகத் திரும்பினால் ஒரு இமைப்பொழுது மரத்துக்குப் பின்னால் போய்விட்டுத்தான் வருவேன். போகப்போக அவரும் அதற்குப் பழகிவிட்டார். நான் மறைந்தாலும் கயிற்றை விடுவதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. நல்ல மருமகன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ரோட்டிலிருந்து வந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு குணம். எங்கேயாவது வடம் இழுத்தால் கை வைக்காமல் போகமாட்டார்கள். தேர் வடத்தைத் தொட்டுப் பழகிய கை. நாலு பேர் இழுக்கும்போது கை கட்டி நிற்பது மரியாதைக்குறைவு. டிராக்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி வேலை ஆரம்பித்தோமா, அந்தச் சூட வாசனைக்கே வழியில் போனவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோப்பைப் பிடித்தார். ஒரு அம்மா ரோப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தளர்ந்து கிடந்த நேரமாகப் போனதால் கை தப்பியது.

"தாயி, அது மிஷினு இழுக்குது, நம்ம இழுக்க வேணாம்" என்று பாண்டி கும்பிட்டார்.

"இருக்கட்டும்ப்பா, நம்ம பங்குக்கு ஒரு கை" என்றார் அந்த அம்மா.

ஆட்களை விலக்கி வைப்பதும் சைகைக்காரி வேலைதானாம். நான் எப்படிச் சொல்வேன்? முன்பின் தெரியாத ஆம்பளைகளிடம் போய் 'தள்ளி நில்லுங்க' என்று சொல்வதற்கு, நானே ரோப்பை இழுத்துவிடலாம்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய சுங்குடிச் சேலை கொண்டுபோனேன். ரோட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே, இடுப்பு உயரத்துக்கு, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினேன். துவைத்துக் காயப்போட்ட மாதிரி. அதற்குப் பிறகு ஒரு ஆள் உள்ளே வரவில்லை. காய்கிற சேலையைத் தாண்டி எந்த ஆம்பளையும் வரமாட்டான், குனிந்து நுழையவும் கூச்சப்படுவான். அந்தப் பக்கமே நின்று, "இன்னும் கொஞ்சம் வெரசா இழுங்கப்பா" என்று யோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாண்டி அதைப் பார்த்துவிட்டு செல்வியிடம், "பட்டறைக்காரன் எனக்கு இதச் சொல்லித் தரலியே" என்றாராம்.

மேகம் இறங்கியது

ஐந்து நாளில் ஒன்பது மரம் ஏறியது. ஆறாம் நாள் செல்விக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வழக்கமாகக் கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவள் அவள்தான்.

"நான் மாட்டுறேன்" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"மாட்டிட்டு அந்தப் பக்கத்து மேட்டுல போயி ஒக்காந்துரணும்" என்றாள் செல்வி. "ரோப்பு இறுகுனா கிட்ட வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"பண்ணியாச்சு, கெளம்பு."

காலையில் வெள்ளனே ஆரம்பித்து இரண்டு மரம் ஏற்றினார்கள். எங்க வீட்டுக்காரரும் சொன்ன சொல் தவறவில்லை. சங்கிலியை மாட்டுவார், மேட்டில் போய் உட்காருவார், வெற்றிலை போடுவார். மூன்றாவது மரம் மோட்டார் அறைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. நேராக இழுத்தால் அறை இடிந்துவிடும். அதனால் காற்றில் முறிந்த ஒரு மரத்தின் அடிக்கட்டையில் பெல்ட் சுற்றிக் கப்பியைக் கட்டி, ரோப்பை அதில் மடக்கி விட்டிருந்தார் பாண்டி. மேலேயிருந்து கப்பி வரை ஒரு கோடு, கப்பியிலிருந்து மரம் வரை ஒரு கோடு. தூணும் துண்டும் மாதிரியே.

கை காட்டினேன். மரம் நகர்ந்தது. பாதி தூரம் வந்து ஒரு கல்லில் முட்டிக்கொண்டது. மூக்கை அதில் குத்திக்கொண்டு திமிறியது. ரோப்பு வீணைக் கம்பி மாதிரி விறைத்தது.

மேட்டில் இருந்த மனுஷனால் பொறுக்க முடியவில்லை. சத்தியம் பண்ணியது ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் ஒரு பாரம் முட்டிக்கொண்டு நிற்க, கையில் கடப்பாரையும் இருந்தால், எங்கள் ஊர் ஆம்பளைக்கு உட்கார்ந்திருக்க வராது. எழுந்தார். நொண்டிக்கொண்டே குறுக்கு வழியில் வந்தார். அங்கேயும் நான் ஒரு சேலை கட்டியிருந்தேன். ஊரே தாண்டாத சேலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். பெண்டாட்டி சேலைதானே என்று நினைத்திருப்பார். நேராக வந்து, டம்ளர் வைத்த இடத்தில், மடிப்புக்கு நட்டநடுவில் நின்றுகொண்டு கல்லைக் கடப்பாரையால் நெம்ப ஆரம்பித்தார்.

சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கிவிட்டது. எங்கள் மலையில் மேகம் சொல்லிக்கொண்டு வராது. ஓடைப் பக்கமிருந்து ஏறி, நான் நின்ற பாறையைத்தான் முதலில் மூடியது. எனக்குக் கீழே எங்க வீட்டுக்காரர் முதுகு லேசாகத் தெரிகிறது. மேலே டிராக்டரின் புகைக்குழாய் மட்டும் தெரிகிறது. அங்கே நிற்கிற பாண்டிக்கு நான் தெரியமாட்டேன். தெரியவில்லையென்றால் நிறுத்த வேண்டும். ஆனால் ரோப்பு நிற்கவில்லை. இன்னும் இறுகுகிறது. கட்டையில் சுற்றிய பெல்ட் கிறீச் கிறீச்சென்று முனகுவது என் காதுக்குக் கேட்கிறது.

கூப்பிட வார்த்தை இல்லை

"ஏங்க" என்றேன்.

'ஏங்க' என்று கூப்பிட்டால் மலையில் இருக்கிற அத்தனை ஆம்பளையும் திரும்புவான். எங்க வீட்டுக்காரர் மட்டும் திரும்பமாட்டார். நாற்பத்தைந்து வருஷத்து அனுபவம். பேரைச் சொன்னால் திரும்புவார். பேர் வாயில் வரவில்லை. தொண்டை வரை வந்து நின்றது. எந்தக் காலத்திலும் நடக்காத பாதையில் கால் வைக்கிற மாதிரி அங்கேயே நின்றது.

மேலே இருப்பவரைக் கூப்பிடலாம். என்னவென்று கூப்பிடுவது? பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு சொல் பேசியதில்லை. 'மாப்பிள்ளை, நிறுத்துங்க' என்று மரியாதையாகக் கூப்பிடக்கூட ஒரு பழக்கம் வேண்டும்தானே. பக்கத்தில் அம்மிக்கல்லும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை.

பெல்ட் மறுபடியும் முனகியது. கட்டையின் அடியில் வேர் ஒன்று மளுக்கென்று முறிகிற சத்தம் கேட்டது.

"ஏலே பாண்டி, நிப்பாட்டுடா."

யாரோ கத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. எதிர்ச்சரிவில் மோதி 'டா' என்று இன்னொரு தடவை திரும்பி வந்தது.

ரோப்பு நின்றது. ஆனால் தளரவில்லை. எங்க வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு என் பக்கமாக விடுவிடுவென்று ஏறி வந்தார். இத்தனை வேகம் அந்தக் காலில் இருந்தது எனக்குத் தெரியாது.

"எவ அவ, எம் மாப்பிள்ளைய ஏலேங்கிறவ?" என்றார். "எங்கன இருக்கா அவ?"

ரோப்பின் மடிப்பை விட்டு வெளியே வந்து, சேலையைக் கடந்து, பாறைக்கு அடியில் வந்து நின்று என்னைப் பார்த்தார். சுற்றி வேறு யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார்.

அப்போது கட்டை பிடுங்கிக்கொண்டது. காற்று ஏற்கனவே அசைத்துவிட்ட வேர், மண்ணோடு வந்துவிட்டது. ரோப்பு ஒரு விசில் அடித்து நேரானது. கப்பி பறந்துபோய் மோட்டார் அறைச் சுவரில் அடித்தது. மேகத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான்.

மேகம் விலகியபோது பார்த்தோம். அவர் நின்றிருந்த இடத்தில் மூன்று காப்பிச் செடிகள், ஆள் முழங்கால் உயரத்தில், கத்தியால் சீவிய மாதிரி நின்றன. எங்க வீட்டுக்காரர் அந்தச் செடியைப் பார்த்தார், குனிந்து தன் காலைப் பார்த்தார். ஐந்து விதமாகக் கதை சொல்கிற மனுஷன் அன்றைக்கு ஒரு விதம்கூடச் சொல்லவில்லை. பாறையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை சொன்ன காரணம்

பாண்டி சரிவில் ஓடி வந்தார். மாமனாரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, கையிலிருந்த கையுறையைப் பார்த்துப் பேசினார்.

"தப்பு எம்மேலதான். ஆளைக் காணோம்னா கயித்த விடணும்னு நாந்தான் சொன்னேன். காணோம்னதும் மேகம்னு எனக்குத் தோணல அத்தை. வழக்கம்போல மரத்துக்குப் பின்னால போயிட்டீக, ரெண்டு எண்ணுறதுக்குள்ள வந்துருவீகன்னு நெனச்சேன். எண்ணிக்கிட்டேதான் இழுத்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தப்பு அவர் மேல் மட்டுமா? காணாமல் போவதையே வழக்கமாக்கிய சைகைக்காரி நான். என்னை அனுசரித்துப் போவதாக அவர் நினைத்தார். அனுசரிக்கிறாரே என்று நான் மெச்சினேன். இரண்டு பேர் மரியாதையும் சேர்ந்து ஒரு மனுஷனை டம்ளர் ஆக்கப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து இந்தக் காரணத்தை யோசித்தது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் 'ஏலே' என்றதும் 'டா' என்றதும்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த 'டா' வை மட்டுமாவது விழுங்கியிருக்கலாம். செல்வி வந்து கேள்விப்பட்டு, அப்பாவை ஒரு பாட்டம் திட்டி அழுதுவிட்டு, அடுப்படிக்கு வந்தாள்.

"என்னமோ பாண்டின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டியாமே. நானே அப்பிடிக் கூப்புட்டதில்ல."

"அவுக கோவமா இருக்காகளா?"

"கேட்டுச் சொல்லவா?" என்றாள். கிண்டல்தான்.

மறுநாள்

மீதி இருந்தது மூன்று மரம். நான் வரவில்லை என்றேன். தலைவலி என்றேன். செல்வி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எங்க வீட்டுக்காரரை ரோட்டின் மேல், டிராக்டருக்கு அந்தப் பக்கம், கடப்பாரை இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். கப்பியை இந்தத் தடவை உயிரோடு நிற்கிற ஒரு தடிமரத்தில் கட்டியிருந்தார் பாண்டி. செல்வி சங்கிலியை மாட்டிவிட்டு விலகி ஏறி நின்றாள். நான் பாறையில் ஏறினேன். கூடியவரை மரத்தைத் தொடாமல் நின்றேன்.

வலது கையைத் தூக்கினேன். பாண்டி அசையவில்லை. வண்டியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. சக்கரத்தில் சாய்ந்து கை கட்டிக்கொண்டு நின்றார்.

"அத்தை, நேத்து கூப்புட்டீகளே, அதே மாதிரி ஒருக்கா கூப்புடுங்க. மேகம் இறங்குனா எனக்குச் சத்தந்தான் சைகை. கேக்குதான்னு பாத்துக்கிறேன்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் காப்பி இலையைப் பார்த்தாள்.

"சத்தம் வரலேன்னா வண்டி எடுக்கமாட்டேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சோலி இல்லாதவர் மாதிரி ரோட்டோரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

பஸ் ஒன்று போனது. வெயில் ஏறியது. நாலு பேர் சேலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஏன் இழுக்கல, டீசல் இல்லயா?" என்று விசாரித்தார்கள். எங்க வீட்டுக்காரர் அவர்களுக்கு நேற்றைய கதையை ஆரம்பித்துவிட்டார். மரம் அதற்குள் தேக்காகியிருந்தது.

"மாப்பிள்ளை, நிப்பாட்டுங்க" என்றேன்.

"கேக்கல அத்தை."

"மாப்பிள்ளை, நிப்பாட்டுங்க." இது பாறையை விட்டு இறங்கியிருக்கும்.

"ஏதோ கொசு பாடுன மாதிரி இருந்துச்சு. செல்வி, ஒங்கம்மா ஏதாச்சும் சொன்னாகளா?"

சேலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் சிரித்தார். எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. கூச்சத்துக்கும் கோபத்துக்கும் ஒரே வாசல் போலிருக்கிறது. ஒன்று வெளியே வந்தால்தான் மற்றது உள்ளே போகும்.

"ஏலே பாண்டி, காது அடச்சுக் கெடக்கா? நிப்பாட்டுங்கிறேன்ல."

எதிர்ச்சரிவு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ரோட்டில் கதை நின்றது. எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடியே இருந்தார். பாண்டி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "இப்பக் கேட்டுச்சு அத்தை" என்று சொல்லி வண்டி மேல் ஏறினார்.

மூன்று மரமும் அன்றைக்கே ஏறின. நடுவில் இரண்டு தடவை மேகம் வந்தது. இரண்டு தடவையும் கத்தினேன். இரண்டு தடவையும் ரோப்பு நின்றது.

சாயங்காலம் சாப்பிடும்போது செல்வி அவரைப் பிடித்துக்கொண்டாள். எங்கம்மாவை எதற்கு நாலு பேருக்கு முன்னால் அப்படிக் கத்த வைத்தீர்கள் என்று கேட்டாள். இஞ்சின் சத்தத்துக்கு மேலே அத்தை குரல் கேட்கிறதா என்று பார்க்கத்தான் என்றார் அவர். நான் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். இஞ்சின் அப்போது ஓடவே இல்லை.